முன்வழியும் பின்வழியும்

இடுப்பு மூட்டு தேய்ந்த முதியோர் பலர் முதலில் முழங்காலுக்கே தைலம் தடவுகின்றனர். இடுப்பின் நோவு பெரும்பாலும் தொடையிடுக்கில் தோன்றி, தொடையின் முன்புறமாக இறங்கி, முழங்காலில் வந்து நிற்பதே காரணம். கும்பகோணத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 73 வயதினர், இரண்டாண்டுக் காலம் முழங்காலுக்கே மருத்துவம் பார்த்து வந்தார். கால் நகம் வெட்டக் குனிய இயலாமற் போன பிறகே இடுப்பை எக்ஸ்ரே எடுத்தனர். வலப்பக்க மூட்டில் குருத்தெலும்பு முற்றும் தேய்ந்து, எலும்போடு எலும்பு உராய்ந்துகொண்டிருந்தது.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துள் அமர்ந்த பந்து. தொடையெலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். இரண்டின் மேலும் படர்ந்துள்ள வழவழப்பான குருத்தெலும்பு அழிந்துவிட்டால் அதனை மீண்டும் வளரச் செய்யும் மருந்து இல்லை. நோவைத் தணிக்கலாம், எடையைக் குறைக்கலாம், கைத்தடி பிடிக்கலாம். இவற்றால் இரவுத் தூக்கம் திரும்பாதபோது மூட்டை மாற்றுவது பற்றிப் பேச்சு எழுகிறது.

ஆசிரியருக்கு அறுவையைக் குறித்து அச்சமில்லை. அவருடைய கலக்கம் வேறு. இருபதாண்டுகளாகப் பிரதோஷந்தோறும் தெருக்கோடிச் சிவன் கோயில் மண்டபத்தில் பன்னிருவர் கூடித் தேவாரம் ஓதுவது வழக்கம். அனைவரும் தரையில் சப்பணமிட்டு அமர்வர். மூட்டு மாற்றியபின் தரையில் அமரலாகாது என்று மருத்துவர் சொன்னதும், "சுவாமி சந்நிதியில் நான் மட்டும் நாற்காலி போட்டு உட்காருவதா?" என்று கேட்டுவிட்டு, மூன்று மாதம் அப்பேச்சையே எடுக்கவில்லை.

அக்காலத்தில்தான் மயிலாப்பூரில் வசிக்கும் அவருடைய தங்கைக்கும் இடப்பக்க இடுப்பில் கோளாறு என்று தெரிய வந்தது. அவருக்கு வயது 66. ஆஸ்துமாவுக்காக நெடுங்காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர். அம்மருந்து சிலருக்குத் தொடையெலும்புத் தலையின் இரத்த ஓட்டத்தைக் குன்றச் செய்யும். எலும்பு உள்ளிருந்தே நொறுங்கும். நோய்கள் இரண்டும் வேறாயினும் தீர்வு ஒன்றாகவே அமைந்தது. வழிதான் வேறு.

"அண்ணா, எனக்கு முன்பக்கமாகச் செய்கிறார்களாம். தசையை வெட்டுவதே இல்லையாம். நீங்களும் அப்படியே கேளுங்கள்" என்று தங்கை தொலைபேசியில் கூறினார். ஆசிரியர் தம் மருத்துவரிடம் கேட்டார். அம்மருத்துவர் அளித்த விடை பொன்னேட்டில் பொறிக்கத் தக்கது. "நான் பல ஆண்டுகளாகப் பின்வழியாகவே செய்து வருகிறேன், ஐயா. முன்வழியே வேண்டுமென்றால் அதில் பழகியவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். நான் பழகாத வழியில் உங்களை அழைத்துச் செல்ல மாட்டேன்."

வழி எதுவாயினும் உள்ளே பொருத்தப்படுவது ஏறத்தாழ ஒன்றே. அதன் மூலவடிவை 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி நிலைநாட்டினார். உலோகத் தண்டின் நுனியில் சிறு பந்து, அதனை ஏற்கப் பாலிஎத்திலீன் கிண்ணம், இரண்டையும் எலும்பில் பற்றவைக்க எலும்பு சிமென்ட். அதற்குமுன் அவர் டெஃப்லான் கிண்ணத்தைப் பயன்படுத்தியிருந்தார். அது விரைவில் தேய்ந்து, துகள்கள் உடலுக்கு ஒவ்வாமற் போயின. அத்துகள் உடலில் என்ன செய்யும் என்றறியத் தம் தொடையிலேயே அதனைப் புதைத்துப் பார்த்தவர் அவர். தம் பிழையைத் தம் உடம்பிலேயே சோதித்தவர்கள் எத்துறையிலும் அரியர். இன்று தண்டு டைட்டானியமாகவும் பந்து செராமிக்காகவும் இருக்கலாம். சிமென்ட் இன்றி எலும்பே பற்றிக்கொள்ளும் வகையும் உண்டு. 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று, 25 ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு 58 மூட்டுகள் நிலைத்திருந்தன என்று கணித்தது. எழுபதைக் கடந்தவருக்கு இது போதுமான ஆறுதல்.

இனி வழிகளைக் காண்போம். பின்வழியில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, புட்டத்தின் பின்புறமாகக் கீறுவர். பெருந்தசையின் இழைகளை விலக்கி, தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறுதசைகளை எலும்பிலிருந்து பிரித்து, மூட்டை மாற்றியபின் அவற்றை மீண்டும் தைத்துவிடுவர். மூட்டு முழுவதும் நன்கு புலப்படும் என்பது இதன் சிறப்பு. உலகில் மிகுதியாகக் கையாளப்படுவதும் இவ்வழியே. பின்சுவர் ஆறும்வரை பந்து பின்பக்கமாக நழுவ இடமுண்டு என்பது இதன் குறை. தைத்து மூடும் முறை செம்மையுற்றதாலும், பந்தின் அளவு பெரிதானதாலும் அவ்வபாயம் முன்னைவிடக் குறைந்துள்ளது.

முன்வழியில் நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். தொடையின் முன்புறத்தில் கீறி, இரு தசைகளுக்கு இடையே இயல்பாகவே உள்ள பிரிவின் வழியாக உள்ளே செல்வர். தசையைப் பெரும்பாலும் எலும்பிலிருந்து பிரிக்க வேண்டுவதில்லை. ஆகவே முதற்சில வாரங்களில் நோவு குறைவு. நடையும் சற்று விரைவில் கூடும். ஆயினும் வெளித்தொடையின் தோலுக்குச் செல்லும் நரம்பொன்று அவ்வழியில் கிடக்கிறது. அது இழுபட்டால் அவ்விடம் மாதக்கணக்கில் மரத்திருக்கும். வயிறு பருத்துத் தொடையிடுக்கில் மடிப்பு விழுந்தவர்க்குப் புண் ஆறுவதில் தொல்லை நேரலாம். கற்றுத் தேர நாளாகும் முறை இது. தேறாத கையில் தொடையெலும்பு விரிசலுறுவதும் உண்டு.

பக்கவாட்டு வழியும் ஒன்றுண்டு. நழுவும் அச்சம் அதில் குறைவு. இடுப்பைத் தாங்கும் பக்கத் தசையின் ஒரு பகுதியைப் பிரித்துத் தைப்பதால் சிலருக்குச் சிலகாலம் நடை சாயும்.

ஆசிரியருக்கு ஐப்பசியில் பின்வழியாக அறுவை நடந்தது. தங்கை, மார்கழி வழிபாடு முடியட்டும் என்று காத்திருந்து, தை மாதத்தில் முன்வழியாகச் செய்துகொண்டார். பங்குனியில் அறுபத்து மூவர் விழாவுக்குள் மாடவீதியில் நடந்துவிட வேண்டும் என்பது அவருடைய உறுதி. மூன்றாம் வாரத்தில் தங்கை வீட்டுக்குள் தடியோடு நடந்தார். ஆசிரியர் அதே மூன்றாம் வாரத்தில் வாக்கரை விட்டு விலகவில்லை. "பார்த்தீர்களா அண்ணா, என் வழிதான் நல்ல வழி" என்று தங்கை பெருமிதம் கொண்டதும் உண்மை. ஆனால் நான்காம் மாதத்தில் இருவர் நடையையும் அருகருகே வைத்துப் பார்த்த உறவினர் எவராலும் யாருக்கு எவ்வழி என்று சொல்ல இயலவில்லை. ஆய்வுகள் பலவும் இதையே காட்டுகின்றன: முன்வழியின் முந்துதல் தொடக்க வாரங்களுக்கு உரியது, மாதங்கள் செல்லச் செல்ல வேற்றுமை தேய்ந்துவிடுகிறது. தங்கையின் வெளித்தொடையில் உள்ளங்கையளவு இடம் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது.

மறுநாளே எழுந்து நிற்பது இருவருக்கும் பொது. இரத்தம் உறையாதிருக்கும் மருந்தை, குறித்த நாள்வரை, சிலருக்கு 35 நாள்வரையிலும், தவறாது உட்கொள்ள வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறினாலோ, புண்ணில் நீர் கசிந்து காய்ச்சல் கண்டாலோ, கால் திடீரெனக் குட்டையாகித் திரும்பிக்கொண்டு ஊன்ற முடியாமற் போனாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைத்தடியை அறுவை செய்த பக்கத்தில் பிடிப்பவர் பலர். அது தவறு, எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். படி ஏறுகையில் நல்ல காலும், இறங்குகையில் அறுவை செய்த காலும் முதலில் செல்ல வேண்டும்.

ஆலயம் செல்வோர் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. பின்வழியில் செய்துகொண்டோர் முதற்சில மாதங்கள் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கலாகாது. காலின்மேல் கால் போடலாகாது. பாதத்தை உள்நோக்கித் திருப்பலாகாது. தோப்புக்கரணமும், மண்டியிட்டு நெற்றி தரையில் படப் பணிதலும் முதல் விதியோடு மோதுகின்றன. ஆத்ம பிரதட்சிணம் மூன்றாம் விதியோடு மோதுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நின்ற இடத்தில் வலமாகச் சுழலும்போது வலப்பாதம் தரையில் பதிந்தே இருந்தால், உடல் திரும்பத் திரும்ப வலத்தொடை இடுப்புக்குள் உள்நோக்கி முறுக்கப்படுகிறது. ஆசிரியருக்குப் பிசியோதெரபி நிபுணர் இதைச் செய்துகாட்டியே விளக்கினார். முன்வழியில் செய்துகொண்டோருக்கு விதி நேரெதிர்: காலைப் பின்னே நீட்டி வெளிநோக்கி முறுக்கலாகாது. தங்கைக்கு அறுவை நடந்தது இடப்பக்கம். அதே வலச்சுழற்சியில் அவருடைய இடக்கால் வெளிநோக்கி முறுக்கப்படும். ஆகவே அண்ணனுக்கும் தங்கைக்கும் அறிவுரை ஒன்றாகவே வந்தது: நின்று சுழல வேண்டாம்; பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துச் சிறுசிறு அடியாகத் திரும்புங்கள்.

தரையில் அமர்வதும், குந்தி அமரும் கழிப்பறையும் இருவருக்கும் இனி இல்லை என்றே மருத்துவர்கள் கூறிவிட்டனர். பிறருக்கு எப்படி என்பதை அவரவர்க்கு அறுவை செய்தவரே சொல்ல வேண்டும். வீட்டை முன்னரே ஒழுங்கு செய்துகொள்வது நலம். கும்பகோணம் வீட்டில் மருமகள் கழிப்பறைப் பீடத்தை உயர்த்தி, சுவரில் கைப்பிடி பொருத்தி, கால்மிதிகளைச் சுருட்டிப் பரணில் போட்டு, பூசை அலமாரியை நின்ற வாக்கில் எட்டும்படி மேலே ஏற்றி வைத்திருந்தார். எவ்வழியில் கீறினார்கள் என்பதைவிட இவ்வேற்பாடே ஆசிரியரை விழாமற் காத்தது எனலாம்.

தங்கை பங்குனியில் மாடவீதிக்குச் சென்றார், நடக்கவில்லை. எட்டாம் வாரத்தில் அந்த நெரிசலில் ஒருவர் இடித்தால் போதும் என்று மருத்துவர் எச்சரிக்க, உறவினர் வீட்டு மாடியில் உயரமான நாற்காலியில் அமர்ந்து சேவித்தார். அவருக்கு அதில் வருத்தமே.

ஆசிரியர் மூன்று மாதம் கழித்துப் பிரதோஷத்துக்குச் சென்றார். நாற்காலி வேண்டாம் என்று தூணில் சாய்ந்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றே ஓதினார். அன்றிரவு கால் வீங்கியது. பிசியோதெரபி நிபுணர், "ஐயா, அசையாமல் நிற்பதும் இந்தக் காலுக்கு ஆகாது" என்று கடிந்துகொண்டார். அடுத்த பிரதோஷத்தில் அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, குழுவில் மூத்தவர், எண்பதைக் கடந்த ஓதுவார், மடைப்பள்ளியிலிருந்து ஒரு மரப்பெஞ்சைக் கொண்டுவரச் செய்து அதில் தாமே அமர்ந்திருந்தார். "வாருங்கள், எனக்கும் முழங்கால் மடங்கிப் பத்து வருடமாகிறது. யார் முதலில் சொல்வது என்றுதான் இருந்தேன்" என்று பக்கத்தில் இடம் ஒதுக்கினார். இரு பிரதோஷம் கழிவதற்குள் இன்னும் நால்வர் தரையை விட்டெழுந்து பெஞ்சில் இடம் கேட்டனர். இரண்டாம் பெஞ்சு செய்ய வேண்டியதாயிற்று.

ஆடி வெள்ளிக்குக் கும்பகோணம் வந்த தங்கை அதில் அமர்ந்து பார்த்தார். இருக்கை முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான் இடுப்பு மடங்காமல் எழ முடியும் என்பது அவர் கற்றுக்கொண்ட பாடம். "அண்ணா, இன்னும் இரண்டங்குலம் உயர்த்தச் சொல்லுங்கள்" என்றார். தச்சர் மறுநாளே வந்து நான்கு கால்களின் அடியிலும் கட்டை அடித்துக் கொடுத்துவிட்டுச் சென்றார்.