காப்பித் தோட்டத்தில் நாயோடு இரண்டு நாள்

பெங்களூரிலிருந்து மடிக்கேரி ஏறக்குறைய 260 கிலோமீட்டர். அங்குள்ள காப்பித் தோட்டங்கள் சிலவற்றின் விருந்தினர் குடில்களில் வளர்ப்பு நாயையும் ஏற்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அறுவடைக்காலம். களத்தில் காய்வது அக்குடும்பத்தின் ஓராண்டு வருமானம். அதன்மேல் நாயை ஓடவிடாதீர்கள். தின்றுவிட்டாலோ, காப்பிக்கொட்டையிலுள்ள காஃபீன் அதற்கு நஞ்சு. மழைக்காலமானால் அட்டைகள், விரலிடுக்குகளைத் தடவிப் பாருங்கள்.

இருட்டியபின் நாய் குடிலுக்குள்தான் படுக்கவேண்டும். வாசலில் கட்டிப்போடுவது நமக்குப் பழக்கம். இங்கேயோ சிறுத்தை நாயைத் தேடி முற்றம்வரை வரும். கட்டிய நாயால் ஓடவும் இயலாது.

விடிந்ததும், யானை நடமாட்டத்தைத் தோட்டக்காரரிடம் விசாரித்தபின், கயிற்றோடு நடத்திச் செல்லுங்கள். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களிடையே பனி விலகும் அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் மறுபடியும் போவேன்.