கண்டுபிடித்ததற்குப் பில் கிடையாது

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "நெசவைப் பத்தி எழுத ஆளாளுக்கு வர்றீங்க. தறியை விட்டு எழுந்து போனவனைப் பத்தியும் ஒரு தடவை எழுதுங்களேன்" என்று, ஓரிக்கை போகிற வழியில் இருக்கும் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு என்னை அனுப்பிவைத்தார். தன் பெயரைப் போடக் கூடாது என்பது மெக்கானிக் அண்ணனின் நிபந்தனை. காரணம் பின்னால் வருகிறது.

ஷெட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. சென்னையிலிருந்து முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த குடும்பத்தின் வண்டி. அவர்கள் காந்தி ரோட்டில் புடவை பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர் மட்டும் வந்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதிலிருந்து ரப்பர் கருகும் நாற்றமாம். சமீபத்தில்தான் வேறோர் இடத்தில் பெல்ட் மாற்றியதாம்.

அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. "ஏசி போட்டாத்தான் வருதா, போடாமலும் வருதா? மேம்பாலம் ஏறும்போதா, வண்டி நின்ன பிறகா?" என்று விசாரித்தார்.

ஏசி போட்டதும் நாற்றம் கூடினால், கம்ப்ரசரின் பாரம் தாங்காமல் பெல்ட் வழுக்குகிறது. மேட்டிலும் நெரிசலிலும் மட்டும் வந்தால், கிளட்சில் பாதி கால் வைத்தே ஓட்டுகிற பழக்கத்தால் கிளட்ச் தட்டு கருகுகிறது. ஓடி நின்ற பிறகு வந்தால், நாலு சக்கரத்தருகேயும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. ரோட்டில் பறக்கும் பிளாஸ்டிக் கேரி பேக் சைலன்சரில் ஒட்டி உருகியதற்காகப் பதறிக்கொண்டு வந்த வண்டிகளும் உண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடை என்பது சைலன்சருக்குத் தெரியாது.

"ஒயர் எரிஞ்சா மூக்கு காந்தும். ஆயில் சொட்டினா கமறும். ரப்பர்ல கந்தகம் அடிக்கும் சார்." சரிதான். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வித்தையை சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அப்படி உள்ளே போன கந்தகம்தான் கருகும்போது வெளியே வருகிறது.

இந்த மூக்கு முதலில் பழகியது பிள்ளையார்பாளையத்தில், அப்பாவின் தறியில். நூல்மேல் சந்தேகம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு உதவியாள் வேண்டும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அந்த உதவியாள் இவர்தான். பாவும் ஜரிகையும் கொடுத்த முதலாளியிடமே அப்பா முன்பணமும் வாங்கியிருந்தார். ஒவ்வொரு புடவைக் கூலியிலும் பிடித்தார்கள், முன்பணம் மட்டும் தீரவேயில்லை. ஒரு நாள் அண்ணன் எழுந்துபோய் லாரி ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்துவிட்டார். அடுத்து வந்தவர்களுக்கு அவ்வளவு யோசனைகூட வேண்டியிருக்கவில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று கார் ஆலைகள் வந்துவிட்டன. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியில் உட்காரப் பையன்கள்தான் கிடைக்கவில்லை.

லாரி ஷெட்டிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒரு திருப்புளி. முழ நீளம், மரப்பிடி, காது பட்டுப் பட்டுப் பிடியின் தலை கறுத்து வழுவழுப்பாகியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, அதன் நுனியை ஆல்டர்னேட்டர் போல்ட்டில் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, தொங்குகிற துணியெதுவும் இல்லாமல் சட்டையைச் செருகிக்கொள்ளச் சொல்லி, என்னிடம் கொடுத்தார். ஆல்டர்னேட்டரில் ஒரே சீரான ரீங்காரம். என் கையைப் பிடித்து நுனியை, பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியின் போல்ட்டுக்கு நகர்த்தினார். ஆட்டுக்கல்லில் மணல் விழுந்ததுபோல் ஒரு நறநறப்பு மண்டைக்குள்ளேயே கேட்டது.

இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றினார். மற்றவை சத்தமில்லாமல் சுற்றின. ஐட்லர் அரைச் சுற்றில் தட்டி நின்றது. பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. அது இறுகி இறுகி நிற்க, பெல்ட் அதன்மேல் தேய்ந்துகொண்டே ஓடியிருக்கிறது. புதிதாகப் போட்ட பெல்ட்டின் முதுகு பளபளத்துக் கெட்டியாகியிருந்தது. "இதுவும் வெந்துடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்." டென்ஷனரை விலக்கிப் பெல்ட் பூட்டிய பாதையை எனக்கும் விளக்கினார். அது எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிட்டேன்.

முன்பு பெல்ட் மாற்றியவர் ஏன் புல்லியைச் சுற்றிப் பார்க்கவில்லை? பெல்ட்டுக்குப் பில் உண்டு. சுற்றிப் பார்த்ததற்கு ஏது பில்? வண்டியைக் கொண்டுவரும் டிரைவருக்குக் கமிஷன் தர வேண்டும், அதுவும் பில் தொகையை வைத்துத்தான். ஒரு பேரிங்கில் முடிந்துவிட்டால் யாருக்கும் லாபமில்லை. அதே டிரைவருக்கு, குடும்பத்தைப் பட்டுக்கடை வாசலில் இறக்கியதற்கும் கமிஷன் உண்டு. ஒரே பயணத்தில் இரண்டு. ஒன்று நெய்தவன் கூலியை அமுக்குகிறது, மற்றது நோயைக் கண்டவன் கூலியை. கண்ணும் காதும் மூக்கும் முப்பது வருஷம் படித்த படிப்புக்கு ஊரில் விலையில்லை, ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு உடனடி ரொக்கம். டிரைவரை மட்டும் திட்டியும் புண்ணியமில்லை. கமிஷன் கிடைக்கும் என்ற கணக்கில்தான் அவருக்குச் சம்பளமே குறைத்துத் தருகிறார்கள். என்னை அனுப்பிய நண்பரும் கொடுக்கிறார். கொடுக்காத கடைக்கு வண்டி திரும்பாது என்கிறார். அண்ணன் பெயர் வேண்டாம் என்றதும் இதனால்தான். இதையெல்லாம் சொன்னது அவர் என்று தெரிந்தால் ஷெட்டுக்கும் வண்டி திரும்பாது.

பில்லில் புல்லி, பெல்ட், கூலி என்று மூன்று வரி எழுதினார். கண்டுபிடித்ததற்கு ஒரு வரி போடக் கூடாதா என்றேன். "போட்டா, அப்படி இன்னாத்த கண்டுபிடிச்சேன்னு கேப்பாங்க சார்."

புடவை எடுத்தாயிற்று, வண்டியைக் கொண்டுவா என்று காந்தி ரோட்டிலிருந்து போன் வந்தது. கூலி வரியில் ஐந்நூறு கூட்டிப் போடச் சொன்னார் டிரைவர். அண்ணன் மறுபேச்சில்லாமல் திருத்திக் கொடுத்தார். அந்த ஐந்நூறு அவருக்கில்லை.