ஓர் எண்ணுக்காக

நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு பின்பால் மெஷினைப் பாழாக்கினேன். தெரியாமல் செய்ததில்லை. எது அதை அரிக்கும் என்று தெரியும். தடுக்க ஒரு கட்டிங் பிளேயரும் ஐந்து நிமிடமும் போதும் என்றும் தெரியும். ஆனாலும் செய்யவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "பழைய பேட்டரி, கசிந்துவிட்டது" என்று சொல்லிவந்தேன். மெஷினின் சொந்தக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது இத்தனை காலம் செல்லுபடியானது.

மெஷினின் பெயரையும் அதைச் செய்த கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை, குற்றம் அவர்களுடையதல்ல. எழுபதுகளின் கடைசியில் சிகாகோ பக்கத்தில் உருவானது என்பது போதும். பாலி, வில்லியம்ஸ், காட்லீப், ஸ்டெர்ன் என்று அந்தத் தொழிலின் பெரிய பெயர்கள் எல்லாமே இந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவைதான். பிழைக்க வந்த நானும் இங்கேயே தங்கிவிட்டேன். சொந்தக்காரர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். வாலிபத்தில், மதுக்கடைகளிலும் பவுலிங் கூடங்களிலும் வைத்திருந்த மெஷின்களைக் கடை கடையாகப் போய்ப் பழுது பார்த்தவர். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே மெஷினுக்கு இடமில்லை. எங்கள் பேஸ்மெண்டில் இருந்தது. மேல்பெட்டியைத் தனியாகக் கழற்றி, கால்களைத் தனியாகக் கழற்றி, கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தார். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: அந்த பேட்டரியை வெட்டி எடுத்துவிடு.

அந்த பேட்டரி அங்கே ஏன் இருந்தது என்று சொன்னால்தான் என் புத்தி எங்கே போனது என்பது விளங்கும்.

அதற்கு முந்தைய தலைமுறை மெஷின்கள் ரிலேக்களாலும் சுழலும் எண் சக்கரங்களாலும் ஓடியவை. அடுத்த ஆட்டத்துக்குப் பொத்தானை அமுக்கியதும் சக்கரங்கள் தடதடவென்று சுழன்று பூஜ்யத்தில் நிற்கும். முன்னால் ஆடியவன் எவ்வளவு எடுத்தான் என்பது அத்தோடு போயிற்று. 1977 வாக்கில் நிலைமை மாறியது. கம்பி மூட்டைகளும் ரிலே வரிசைகளும் போய், மோட்டரோலா 6800 குடும்பத்து மைக்ரோபிராசசரும் மெமரி சிப்புகளும் மேல்பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தன. அந்த ஆண்டு வந்த பாலியின் 'எய்ட் பால்' இந்தப் புது வசதியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. நால்வர் மாறி மாறி ஆடினாலும், முந்தைய பந்தில் யார் எதை வீழ்த்தினார் என்பதை நினைவில் வைத்து, அடுத்த பந்தில் அங்கிருந்தே தொடரவிட்டது. 20,230 மெஷின்கள் தயாராயின. 1992-இல் 'ஆடம்ஸ் ஃபேமிலி' நாற்பது மெஷின் கூடுதலாகத் தயாராகும் வரை, பின்னால் வந்த எதுவும் அந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை.

இன்னொரு புதுமையும் வந்தது: கரன்ட் போனாலும் மறக்காத உச்ச ஸ்கோர். ஆட்டம் இல்லாத நேரத்தில் எண்திரைகளில் அது விட்டுவிட்டு மின்னும். போகிறவன் வருகிறவனைச் சீண்டிக் காசு போட வைப்பதற்கான ஏற்பாடு. அந்த ஓர் எண்ணையும் வசூல் கணக்குகளையும் காப்பாற்றத்தான் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைப் போர்டிலேயே சாலிடர் செய்துவைத்தார்கள். மெஷின் ஓடும்போது அது சார்ஜ் ஆகும். அணைத்தபின் மெமரி சிப்பைத் தாங்கும். சில வருஷம் சம்பாதித்துக் கொடுத்தபின் மெஷினே குப்பைக்குப் போய்விடும் என்பதுதான் அன்றைய கணக்கு. நாற்பது வருஷம் கழித்து யாரோ வீட்டில் வைத்துக் கொஞ்சுவார்கள் என்று யார் நினைத்தார்கள்? வயதான பேட்டரியிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம். போர்டின் செம்புக் கோடுகளுக்குள் கரையான் மாதிரி நுழையும். மேலே பச்சை பூக்கும்போது அடியில் பாதி போயிருக்கும்.

பேட்டரியை எடுத்துவிட்டாலும் மெஷின் நன்றாகவே ஆடும். அணைத்தால் உச்ச ஸ்கோரை மறந்துவிடும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்குப் பெரிதாகப் போயிற்று.

பெரியவர் ஆரம்பத்தில் அடிக்கடி வந்து எனக்குப் பாடம் எடுப்பார். சுவிட்சுகளின் தொடுமுனைகளில் தங்க முலாம் உண்டு, அரத்தால் தேய்க்காதே, விசிட்டிங் கார்டை இடையில் நுழைத்து இழு, அழுக்கு வந்துவிடும் என்பார். பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பரின் சுவிட்ச் மட்டும் கெட்டியான டங்ஸ்டன். அதை அரத்தால் ராவலாம். ஃபிளிப்பர் விஷயத்தில் எனக்கு ஓர் ஆச்சரியம். சிப் வந்துவிட்டதே, எல்லாம் அதன் கையில்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கால மெஷின்களில் ஃபிளிப்பர் அதன் கையில் இல்லை. ஆட்டம் தொடங்கியதும் ஒரு ரிலேயை மூடிவைப்பதோடு சிப்பின் வேலை முடிந்தது. அதன்பின் பொத்தானை அமுக்கினால் கரன்ட் நேரே காயிலுக்குப் போகிறது. காயிலில் இரண்டு சுற்று: துடுப்பைத் தூக்கி அடிக்கத் தடித்த கம்பி, தூக்கியபடி நிறுத்த மெல்லிய கம்பி. துடுப்பு மேலே போய்ச் சேரும் இடத்தில் ஒரு சுவிட்ச் திறந்து மெல்லிய சுற்றையும் பாதையில் சேர்த்துவிடும். திறக்கத் தவறினால் காயில் புகையும். விரலுக்கும் எண்பது கிராம் எஃகுக் குண்டுக்கும் நடுவே எந்த நிரலும் குறுக்கிடாத அந்த நேரடித் தொடர்புதான் என்னை மயக்கியது என்று நினைக்கிறேன். 1979-இல் வந்த 'கார்கர்' ஏழே சொற்களை வைத்துக்கொண்டு பேசியது. மறு ஆண்டு 'பிளாக் நைட்' இரண்டு மாடி மைதானத்தோடும், ஓரத்தில் விழப்போகும் பந்தை இழுத்துப் பிடிக்கும் காந்தத்தோடும் வந்தது. இரண்டையும் ஆடியிருக்கிறேன். என் பேஸ்மெண்டில் இருந்த ஊமையின் மேல்தான் ஆசை.

அதில் ஒருநாள் 8,46,720 எடுத்தேன். கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யம்தான். பத்துக்குக் குறைந்து அந்த மெஷின் எதையும் எண்ணாது. ஆரஞ்சு நிறத்தில் ஆறு இலக்கம். எழுத்து காட்டும் திரை இல்லை, எனவே யார் எடுத்தது என்ற பெயரும் இல்லை. எனக்கு மட்டுமே தெரிந்த பெருமை.

அந்தப் பெருமையும் சுத்தமானதில்லை. வலது பக்க ஸ்பின்னரை நான் "சரிசெய்திருந்தேன்". பந்து உரசிப் போகும்போது சுழலும் தகடு அது. ஒவ்வொரு சுற்றுக்கும் அடியிலுள்ள சுவிட்ச் ஒரு தடவை தொட்டு விலக வேண்டும். இடைவெளியை நான் அளவுக்கு மேல் நெருக்கிவிட்டதில், தகடு வேகமாகச் சுழலும்போது சுவிட்ச் துள்ளி ஒரு சுற்றை இரண்டாக எண்ணியது. விளக்கு எரியும்போது சுற்றுக்கு ஆயிரம். இரண்டாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. திருத்தவில்லை. அந்த ஸ்பின்னர் கொட்டிக் கொடுத்ததுதான் 8,46,720-இல் கணிசமான பங்கு.

பேட்டரியை வெட்டினால் இந்த எண் போய்விடும். கம்பி இழுத்துத் தள்ளி வேறு பேட்டரி வைக்கலாம், ஆனால் மாற்றும் அந்த நொடியிலேயே மெமரி அழிந்துவிடும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டில் சாலிடர் இரும்பை வைப்பது மடத்தனம். ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளலாமே என்று மனைவி கேட்டாள். தாளில் இருப்பதும் திரையில் மின்னுவதும் ஒன்றா என்று கோபப்பட்டேன். ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு வேலையை முடித்திருக்கலாம். ராத்திரி வேலை முடிந்து கீழே இறங்கி, ஆடாமல், சும்மா சுவிட்சைப் போட்டு அந்த எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போன நாட்களும் உண்டு. பெரியவர் போனில் "பேட்டரி எடுத்தாயிற்றா?" என்று கேட்பார். "இந்த வாரம் எடுத்துவிடுகிறேன்" என்பேன். வாரம் வருஷங்களாயிற்று.

அந்த வகைப் போர்டில் சின்னதாக ஒரு எல்இடி உண்டு. மெஷினைப் போட்டதும் ஒவ்வொரு பகுதியாகச் சோதித்து, தேறியதற்கு ஒருமுறை சிமிட்டும். ஏழாவது சிமிட்டல் வந்தால் ஆட்டம் தயார். ஒரு நாள் அது சிமிட்டாமல் எரிந்தபடியே நின்றது. மேல்பெட்டியைத் திறந்ததும் பார்த்தேன், போர்டின் ஒரு மூலை முழுக்கப் பச்சை. வினிகர் போட்டுத் துடைத்தேன், தண்ணீரில் அலசினேன், ஆல்கஹால் தடவிக் காயவைத்தேன். தேய்க்கத் தேய்க்கச் செம்புக் கோடுகள் நூல் நூலாகக் கையோடு வந்தன. மெமரி சிப்பின் கால்கள் சாக்கெட்டுக்குள்ளேயே உடைந்தன.

பெரியவருக்குப் போன் செய்து அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "என் தப்பு. உன்னிடம் கொடுப்பதற்கு முன்னால் நானே வெட்டியிருக்க வேண்டும். வயசாகிவிட்டது எனக்கு" என்றார்.

மறுத்திருக்க வேண்டிய இடம் அதுதான். "அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் என்னை மன்னிக்க வேண்டியிருக்க, நான் அவரை மன்னித்தேன். போர்டு போனதைவிட இதுதான் இன்றும் உறுத்துகிறது.

பழையதின் அளவிலேயே புதுப் போர்டுகள் இப்போது கிடைக்கின்றன. பேட்டரியே தேவையில்லாத மெமரி அதில். என் காசில் வாங்கிப் பொருத்தினேன். பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டார். மெஷின் உயிர்பெற்றது. புதிதாக ஓர் உச்ச ஸ்கோரும் எடுத்துவைத்தேன், அதே ஸ்பின்னரின் தயவில்.

போன இலையுதிர்காலத்தில் மகள் அவரைக் காரில் கூட்டிவந்தாள். முதல் பந்திலேயே ஸ்பின்னரில் அடித்தார். சத்தத்தைக் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "இது ஒன்றுக்கு இரண்டாக எண்ணுகிறது" என்று சொல்லிக் கண்ணாடியை இழுக்கச் சொன்னார்; மைதானப் பலகையைத் தூக்கி, சட்டைப் பையிலிருந்த கார்டை அளவுகோலாக வைத்து இடைவெளியைத் திருத்தினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆடினார். மெஷினை ஒரு பக்கம் லேசாகத் தட்டுவார், அளவு மீறி அசைத்தால் காட்டிக்கொடுக்கும் டில்ட் ஊசல் வளையத்தைத் தொடாது. ஓரத்துப் பள்ளத்துக்குப் போன பந்தைக்கூட இரண்டு தடவை மீட்டார். திருத்திய ஸ்பின்னரிலேயே என் எண்ணைத் தாண்டினார். உள்ளேயிருந்து மரச்சுத்தி அடித்தது மாதிரி இலவச ஆட்டச் சத்தம் வந்தது. குழந்தை மாதிரி சிரித்தார்.

நாணயக் கதவுக்கு உள்பக்கம் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிக்கொண்டே போனால் உச்ச ஸ்கோரில் வந்து நிற்கும். வேண்டாம் என்றால் அங்கிருந்து அழித்துவிடலாம். கடைக்காரர்களுக்கான வசதி. அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் நான் கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன்.

இப்போதும் போன் செய்தால் முதலில் அதைத்தான் கேட்கிறார்: "என் எண் இன்னும் நிற்கிறதா?" நிற்கிறது என்கிறேன். இந்த வாக்குமூலத்தைக்கூட அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில்தான் எழுதியிருக்கிறேன்.