ஊரும் காலனியும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதையடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. பாறசாலையை ஒட்டிய இஞ்சிவிளை கேரளத்தில் இருக்கிறது. சிறிது தொலைவு நடந்தால் வரும் களியக்காவிளை தமிழ்நாட்டில் இருக்கிறது. இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. இரண்டிலும் ஆங்கிலச் சொற்கள் ஏராளம். ஆனால் ஒரே ஆங்கிலச் சொல் இருபுறமும் ஒரே பொருளைத் தருவதில்லை.

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒருவர் 'வில்லேஜுக்கு'ப் போவதாகச் சொன்னால், அவர் நிலவரி கட்டவோ சான்றிதழ் வாங்கவோ கிராம அலுவலகத்துக்குச் செல்கிறார் என்று பொருள். தமிழில் அதே சொல் பட்டணமல்லாத நாட்டுப்புறத்தைக் குறிக்கும். அடைமொழியின்றி 'பார்ட்டி' என்றால் மலையாளத்தில் பெரும்பாலும் மார்க்சிஸ்ட் கட்சி. தமிழ் வணிகருக்குச் சரக்கெடுக்க வந்தவர் பார்ட்டி, மாணவருக்கு விருந்தே பார்ட்டி. இவ்வகை வேறுபாடுகளால் எவருக்கும் இழப்பில்லை. கேட்பவர் ஒரு நொடி தயங்குவார், பின்னர் சிரிப்பார். 'காலனி' என்னும் சொல் அத்தகையதன்று. எல்லையின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே பொருளில் மனிதரைக் காயப்படுத்தும் சொல் அது.

2024 ஜூன் 18 அன்று, கேரளத்தின் பட்டியல் வகுப்பினர் நலத்துறை அமைச்சராக இருந்த கே. ராதாகிருஷ்ணன், பதவி விலகுவதற்கு முன் ஓர் ஆணை பிறப்பித்தார். பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களைக் காலனி, சங்கேதம், ஊரு என்று அழைப்பதைக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். நகர், உன்னதி, பிரகிருதி முதலிய மாற்றுப் பெயர்களும் அதில் பரிந்துரைக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் அது மாறிவிட்டது என்பதே அவர் கூறிய காரணம்.

இச்சொல் எங்கிருந்து புறப்பட்டது? உழுது பயிரிடுதல், குடியிருத்தல் ஆகிய பொருள்களைத் தரும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் அது கடல் கடந்த ஆட்சிப்பகுதியைக் குறித்தது. உயிரியலில் எறும்புக் கூட்டத்தையும் நுண்ணுயிர்த் திரளையும் குறித்தது. இலங்கையில் கல்லோயா போன்ற நீர்ப்பாசனத் திட்டங்களின்கீழ் நிலம் வழங்கி உழவர்களைக் குடியேற்றிய ஊர்கள் 'கொலனி' எனப்பட்டன. மூலப்பொருளுக்கு மிக நெருங்கிய வழக்கு அதுதான்.

களியக்காவிளை, இஞ்சிவிளை ஆகிய பெயர்களின் ஈற்றிலுள்ள 'விளை'யும் இதே பாதையில் வந்த சொல்லே. விளைச்சல் தரும் தோட்ட நிலம் விளை. அந்நிலத்தில் எழுந்த குடியிருப்புக்கும் அதுவே பெயராயிற்று. பயிர்நிலம் ஊராகும் பொருள்வளர்ச்சி இரண்டிலும் ஒன்றே. எனினும் விளை எனும் ஈறு எவரையும் தாழ்த்தவில்லை, காலனி தாழ்த்தியது. ஆகவே இழிவுக்கான காரணத்தைச் சொல்லின் வேரில் தேடிப் பயனில்லை.

அதைச் சொல் ஒட்டப்பட்ட இடத்தில் தேட வேண்டும். ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்று தொழிலோடு சேர்ந்து வரும்போது இச்சொல் மதிப்பைக் குறைப்பதில்லை. கேரளத்தில் வீடற்ற ஏழைகளுக்காக 1972இல் தொடங்கிய திட்டம் 'இலட்சம் வீடு காலனி'களை உருவாக்கிற்று. தமிழ்நாட்டிலோ அரசு கட்டித்தந்த தொகுப்பு வீட்டுக்குக் 'காலனி வீடு' என்றே பெயர். ஊருக்கு வெளியே தனியாக ஒதுக்கப்பட்ட நிலத்தில் அவ்வீடுகள் எழுந்தபோது, இடத்தின் பெயர் அங்கு வாழ்வோரின் சாதிக்குக் குறிப்பெயராயிற்று. அடைமொழி உதிர்ந்து 'காலனிக்காரர்' என்று தனித்து நின்றபோது வசை முழுமையடைந்தது. மலையாள இளைஞர் வழக்கில் ஒருவரது உடையையும் நடத்தையையும் இகழவும் அது பயன்படுகிறது. விண்ணப்பப் படிவத்தில் முகவரி எழுதும் மாணவர், 'காலனி' என்று எழுதுவதா, அஞ்சல் நிலையத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதா என்று தயங்க நேர்வது இதனால்தான்.

கேரள ஆணையிலுள்ள மற்ற இரு சொற்களையும் நோக்கினால் இது மேலும் தெளிவாகும். தமிழில் சங்கேதம் என்பது மறைகுறி. மலையாளத்தில் அது குடியிருப்பு, புகலிடம். 'ஊர்' இன்னும் வியப்பளிப்பது. தமிழ்க் கிராமங்களில் 'ஊர்' என்பது பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரின் பகுதி. 'காலனி' அதற்கு வெளியே கிடப்பது. மலையாளத்திலோ 'ஊரு' பழங்குடியினரின் குடியிருப்பு. ஒரு மொழியில் எதிரெதிரே நிற்கும் இரு சொற்கள், மறுமொழியில் ஒரே பட்டியலில் நீக்கத்துக்கு உரியவையாகின்றன. உயர்வும் தாழ்வும் சொல்லுக்குள் இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் பெயரை மாற்றிப் பயன் என்ன என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. காந்தி 1933இல் தம் இதழுக்கே சூட்டிய 'ஹரிஜன்' என்னும் பெயர் மதிப்புக் கருதி முன்வைக்கப்பட்டது. குறிக்கப்பட்ட மக்களே பின்னர் அதை மறுத்தனர். மொழியியல் இதனை இழிபொருட்பேறு என்கிறது. சமூக உறவு மாறாவிடில் நாளை 'நகர்' என்பதும் 'உன்னதி' என்பதும் அதே கறையை ஏற்கக்கூடும்.

ஆனால் இவ்வாதத்தைப் பெயர்மாற்றத்துக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்வது பிழை. நெய்யாற்றின்கரை வட்டத்தின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. பொதுச்சாலை எனப்பட்ட வழிகளில் அவர் மக்கள் நடக்க இயலாதிருந்த காலம் அது. அந்தப் 'பொது'வில் அவர்கள் அடங்கவில்லை. 1893இல் அவர் வில்வண்டி பூட்டி அச்சாலையில் ஓட்டிச் சென்றார்; எதிர்த்தவர்களை நேருக்கு நேர் சந்தித்தார். 'பொது' என்னும் சொல்லின் பொருள் அங்கே விரியத் தொடங்கியது. 1907இல் அவர் தொடங்கிய அமைப்புக்குச் சாதிப்பெயரைச் சூட்டாமல் 'சாது ஜன பரிபாலன சங்கம்' என்று பெயரிட்டதையும் இங்கே நினைக்க வேண்டும். சாலையில் உரிமையை நிலைநாட்டியவரே பெயரிலும் கவனமாக இருந்தார். பெயரா வாழ்நிலையா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் நிலை அவருக்கு எழவில்லை.

பெயர்ப்பலகையிலிருந்து காலனி என்னும் சொல்லை ஆணையால் அகற்றலாம். அங்கு வாழ்வோரைக் குறிக்க அண்டையிலிருப்போர் அடுத்து எச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர், எத்தொனியில் சொல்கின்றனர் என்பதை வரும் ஆண்டுகளில் கவனிக்க வேண்டும். களப்பணிக்கு இடம் தேடும் சமூகமொழியியல் மாணவர்களுக்குப் பாறசாலையும் களியக்காவிளையும் உகந்தவை. ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள், இரண்டு அரசுகளின் முடிவுகள் மக்கள் நாவில் என்ன ஆகின்றன என்பதை அங்கே ஒப்பிட்டுக் கேட்கலாம்.