துணைவில்

சுமை வண்டியின் பெருமையை அது தாங்கும் பாரத்தைக் கொண்டே உலகம் அளவிடுகின்றது. ஆயினும், அவ்வண்டி தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை வெறுந்தட்டோடே கழிக்கின்றது. 1960களில் ஐக்கிய அமெரிக்காவின் பண்ணைகளிலே பயின்ற ‘அரைத்தொன்’ பிக்கப் வண்டிகளை வடிவமைத்தோர் எதிர்கொண்ட சிக்கல் இதுவேயாகும்.

பின்னச்சின் வில்லை வலிதாக்கினால், வெறும் வண்டி பள்ளந்தோறும் துள்ளும். சில்லுகள் நிலத்திற் பிடிமானம் இழக்கும். மெலிதாக்கினாலோ, சுமை ஏறியதும் பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிரும். சுக்கானின் பிடி தளரும். முன்விளக்கு எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். வில்லின் நீட்சி பாரத்துக்கு விகிதசமமானது என்று 1678இல் றொபேட் ஹூக் வெளியிட்ட விதி, இரு நிலைகளுக்கும் ஒரே வில் பொருந்த இடந்தருவதில்லை.

செவ்ரலே நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாதிரியில், அரைத்தொன் வண்டியின் பின்னச்சுக்குச் சுருள்வில்லை இட்டது. பயணம் மென்மையாயிற்று. எனினும், 1973ஆம் ஆண்டு மாதிரியில் அது தகட்டுவில்லுக்கே மீண்டது.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே கண்ட வழியே துணைவில். பிரதான தகடுகளின் மேல் அது பொருத்தப்படும். வெறும் வண்டியில் அதன் முனைகள் எதனையும் தொடுவதில்லை. சுமையேறி அடிச்சட்டம் தாழும்போது அவை சட்டத்திலுள்ள தாங்கிகளில் முட்டுகின்றன. அக்கணம் முதல் இரு வில்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தேவைப்படாதபோது ஒதுங்கி நிற்கும் இப்பண்பே அதன் சிறப்பு.

ஆனால், அதன் ஆபத்தும் இங்கேயே உள்ளது. பழைய வண்டிகளைப் பேணுவோர் சிலர், தளர்ந்த தகடுகளை மாற்றாது, துணைவில்லைப் பூட்டி வண்டியை நிமிர்த்திவிடுகின்றனர். நிமிர்ந்த வண்டி மேலும் சுமக்க வல்லதுபோலத் தோன்றுகின்றது. அச்சோ, சில்லோ, தடுப்போ எள்ளளவும் வலுப்பெறவில்லை. 1967க்கு முற்பட்ட செவ்ரலே பிக்கப் வண்டிகளில் நான்கு சில்லுகளின் தடுப்புகளும் ஒரே திரவச் சுற்றையே நம்பியிருந்தன. அச்சுற்றில் ஒரு குழாய் வெடித்தால் மிதிக்குத் தடுப்பே இல்லை. தாழ்ந்த பின்புறம் ஓட்டுநருக்கு வண்டி விடுக்கும் எச்சரிக்கை. துணைவில் அவ்வெச்சரிக்கையை மறைத்துவிடுகின்றது. பாரத்தையோ அது குறைப்பதில்லை.

ஆதலின், துணைவில்லைப் பூட்டுமுன் தளர்ந்த தகடுகளை மாற்றுதலும், பூட்டியபின்னும் சுமையை நிறுத்தே ஏற்றுதலும் வேண்டற்பாலன. வலியறிதலைப் பேசப்புகுந்த வள்ளுவர், முறிவதாகக் காட்டியது வண்டியின் அச்சையே என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.