கைக்கு இசைந்த கருவி

கருவியில் உள்ள குறையைக் கையின் குறையாகக் கொள்வது உலக இயல்பு. வேலூரிலிருந்து சவ்வாது மலையடிவாரத்து அமிர்திக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர்களில், நுங்கு தின்றபின் எஞ்சும் பனங்காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவைக்கோலால் தள்ளிச் சிறுவர் வண்டியோட்டுவர். வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சென்றால், “உனக்கு ஓட்டத் தெரியவில்லை” என்று தோழர் நகைப்பர். கூர்த்த அறிவுடைய சிறுவனோ, அச்சுக்குச்சி வளைந்துள்ளதா, காய்கள் ஒத்த அளவினவா என்று ஆராய்வான். நேரான குச்சியையும் ஒத்த காய்களையும் பொருத்தியபின், அதே கை வண்டியை நேரே செலுத்தும்.

இத்தகைய ஆராய்ச்சி, கணிப்பொறி விளையாட்டின் தொடக்க நாளில் அமெரிக்க நாட்டிலும் நிகழ்ந்தது. 1961ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்திற்குப் ‘பி.டி.பி.-1’ என்னும் கணிப்பொறி நன்கொடையாக வந்தது. ஸ்டீவ் ரசல் என்பவரும் அவருடைய தோழரும் 1962இல் அதற்கென ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை அமைத்தனர். திரையின் நடுவே ஒரு விண்மீன் தன்பால் ஈர்க்க, இருவர் செலுத்தும் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று தாக்கும்.

விளையாட்டு சிறந்தது, ஆனால், அதனை ஆடும் வகை இடர்ப்பாடு உடையதாயிருந்தது. பொறியின் முகப்பில் வரிசையாக அமைந்த 18 சிறு விசைகளுள், இடக்கோடியில் உள்ள நான்கை ஒருவரும் வலக்கோடியில் உள்ள நான்கை மற்றவரும் இயக்கினர். நெடுநேரம் ஆடியவர்க்கு முழங்கை நோவு கண்டது. திரை ஒரு பக்கமாக அமைந்திருந்தமையால், அதற்கு அணித்தாக நின்றவர்க்கு ஆட்டம் எளிதாயிற்று. தோற்றவர் திறமை குறைந்தவர் என்று துணிந்து கூற இயலுமோ?

ஆலன் கோட்டக், பாப் சாண்டர்ஸ் என்னும் இருவர் இக்குறையைக் களைய முற்பட்டனர். அவர்கள் புதுப்பொருள் தேடி அலையவில்லை. கழகத்து மாணவர்கள் சிறு புகைவண்டி மாதிரிகள் செய்து மகிழ்ந்த சங்கத்தில் கிடந்த மரம், பேக்கலைட்டுத் தகடு, மின்விசைகள் ஆகியவற்றைக் கொண்டு, ஆடுவார் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு பெட்டி செய்தனர். இடவலமாக அசையும் கைப்பிடி விண்கலத்தைத் திருப்பியது. மற்றொரு கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் கலம் உந்திச் சென்றது. எய்வதற்குரிய பொத்தானை ஓசை எழாததாகத் தேர்ந்தனர்; ஓசை எழுமாயின், எய்யும் முயற்சியை எதிராளி அறிந்துகொள்வார் அன்றோ? பெட்டி நீண்ட கம்பியால் பொறியோடு இணைந்திருந்தமையால், இருவரும் திரையை நன்கு காணுமாறு வசதியாக இருந்து ஆடினர். அதன்பின் வெற்றியும் தோல்வியும் அவரவர் திறமையையே சார்ந்தன.

1972இல் இல்லங்களுக்கென விற்பனைக்கு வந்த ‘மாக்னவாக்ஸ் ஒடிசி’ என்னும் விளையாட்டுப் பொறியிலும், ஆடுவார் ஒவ்வொருவர்க்கும் தனிக் கைக்கருவி இருந்தது. இன்று அத்தகைய கருவியைக் காணாத சிறுவர் அரியர்.

நல்ல உறுப்பு என்பது விலைமிக்க உறுப்பு அன்று. செய்யும் தொழிலுக்கும் செய்வார் கைக்கும் பொருந்துவதே நல்ல உறுப்பு. அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டுவது, எங்கே நோகிறது, ஏன் தவறுகிறது என்று பொறுமையோடு நோக்கும் கண்ணே. ஒருவன் ஒரு தொழிலில் தடுமாறக் கண்டால், அவனை இகழ்வதற்கு முன் அவன் கையிலுள்ள கருவியை வாங்கிப் பார்த்தல் அறிவும் ஆகும், அறமும் ஆகும்.