பஞ்சு ஊருக்குப் போயிருச்சு

மூணு மாசமா எங்க தோட்டத்துல குடியிருந்த ஒரு ஆள் போன ஞாயித்துக்கிழமை கோயமுத்தூருக்குக் கிளம்பிப் போயிருச்சு. பேரு பஞ்சு. எடை நாலு கிலோகூட வராது. அதைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதறேன். டவுன்ல சின்ன சாதி நாய்க்குட்டி வாங்கிட்டு முழிச்சிட்டு இருக்கறவங்களுக்கு, நான் பண்ணுன தப்புல இருந்தாவது ஏதாச்சும் பிரயோசனம் ஆகட்டும்.

தை மாசக் கடைசியில, மஞ்சள் வெட்டு நடந்துட்டு இருக்கறப்ப எம்புள்ளை ஒரு கூடையோட வந்து எறங்குச்சு. உள்ள பாத்தா வெள்ளையும் தவிட்டுக் கலருமா ஒரு முடிப்பந்து. ஷிட்சூன்னு சொன்னாங்க. சீன பாஷையில சிங்கம்னு அர்த்தமாம். அந்தக் காலத்துல அரண்மனைக்குள்ள வளத்த சாதியாம். நமக்குத் தெரிஞ்ச நாய் கோம்பையும் ராஜபாளையமும், கட்டுத்தரையில படுத்துட்டு நரிக்குக் காவல் இருக்கற நாட்டு நாயும்தான். இதைப் பாத்துட்டு, "இதைக் காக்கறதுக்கு ஒரு நாய் வேணுமே அம்மிணி"ன்னேன். புள்ளை சிரிக்கல. கண்ணுல தண்ணி.

விசயம் என்னன்னா, பேரன் ஒரு வருசமா அழுது அடம்புடிச்சு வாங்குன குட்டி. ரெண்டரை மாசம்தான் ஆச்சு. மூணாவது மாடி வீடு. புள்ளையும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருவாங்க. குட்டி வீடு முழுக்க ஒண்ணுக்குப் போயி, ஒரு நா லிப்ட்டுக்குள்ளயும் போயிருச்சு. வீட்டுக்காரர், இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா நாய் இருக்கோணும், இல்ல நீங்க இருக்கோணும்னு சொல்லிப்போட்டாராம். "பரீட்சை லீவு வரைக்கும் நீங்க பழக்கிக் குடுங்கப்பா. இல்லீனா யாருக்காச்சும் குடுக்கறதுதான். பையனுக்கு அதைச் சொல்ற தெம்பு எனக்கில்ல"ன்னுச்சு.

முப்பது வருசமா எருது பழக்கறவன், இதென்ன பெரிய வேலைன்னு நெனச்சேன். ஆசாரத்துல ஒண்ணுக்கு இருந்துச்சுன்னா மூஞ்சியக் கொண்டுபோயி அதுல தேச்சு, பேப்பரைச் சுருட்டி ரெண்டு போடு போட்டேன். எங்கப்பன் நாயை அப்பிடித்தான் பழக்குனாரு. நாலு நா கழிச்சு ஆசாரம் சுத்தமா இருந்துச்சு. பரவால்லயே, பழகிருச்சுன்னு நானும் பெருமைப்பட்டுட்டேன். அஞ்சாம் நாள் நெல்லு மூட்டைச் சந்துல நாத்தம். போயிப் பாத்தா, அத்தனை நாளும் அங்க ஒளிஞ்சு போயிட்டு இருந்திருக்குது. என்னையப் பாத்ததும் வயித்தைத் தரையோட ஒட்டிட்டு அங்கயே இன்னொருக்கா விட்டுருச்சு.

சம்சாரம் வெளக்குமாத்தோட வந்தவ ஒண்ணே ஒண்ணு கேட்டா: "ஏனுங்க, மாட்டை அடிச்சுட்டு மடியில கை வெச்சா பால் எறக்குமா? மறைச்சுக்காது? நீங்க இதுக்கு மறைக்கத்தான் சொல்லிக் குடுத்திருக்கறீங்க." வாய் தொறக்க முடியல. பால் கறக்கறவனுக்குத் தெரிஞ்ச கணக்கு, நாய்க்குட்டிகிட்ட மறந்து போச்சு.

ரெண்டாவது தடுப்பூசி போடப் போறப்ப கால்நடை டாக்டர்கிட்டயே கேட்டேன். அவரு சொன்னது ரொம்பச் சுலபமா இருந்துச்சு. குட்டிக்கு எத்தனை மாசமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரந்தான் அடக்க முடியும். ரெண்டு மாசக் குட்டி ரெண்டு மணி நேரம். தூங்கி எந்திரிச்ச உடனே, தின்னு பத்து இருபது நிமிசத்துல, வெளையாடி முடிச்சதும், படுக்கறதுக்கு முன்னால, இந்த நாலு நேரத்துலயும் நாமளா தூக்கிட்டுப் போகோணும். தெனமும் ஒரே எடம். போன உடனே அங்கயே, அந்த நிமிசமே தட்டிக் குடுத்து ஒரு துண்டு திங்கக் குடுக்கோணும். வீட்டுக்கு வந்து குடுத்தா எதுக்குக் குடுத்தாங்கன்னு அதுக்குத் தெரியாது. அதே மாதிரிதான் திட்டும். போயி பத்து நிமிசம் கழிச்சு அடிச்சா, எதுக்கு அடி வாங்குனோம்னு அதுக்கு வெளங்காது. ஆளைப் பாத்தா பயம் மட்டுந்தான் மிஞ்சும்.

அன்னிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு மஞ்சளுக்குத் தண்ணி மாத்தி விடறவனாட்டம் எந்திரிச்சு, டார்ச்சைப் புடிச்சுட்டு வேப்ப மரத்தடிக்குத் தூக்கிட்டுப் போவேன். வேகவெச்ச கோழி ஈரல்ல சுண்டு விரல் நகத்தளவு ஒரு துண்டு. வீட்டுக்குள்ள போன எடத்தைத் தொடைச்சு வினிகர் தண்ணி ஊத்திக் கழுவுனோம். வாசம் இருந்தா மறுபடி அங்கயேதான் போகும். மூணு வாரத்துல கதவுகிட்ட போயி நின்னு திரும்பிப் பாக்க ஆரம்பிச்சுது. ஆனா என்னையப் பாத்து வாலாட்டறதுக்கு அதுக்கு மேல ஒரு மாசம் ஆச்சுங்க.

முடி வேற வேலை. இந்தச் சாதிக்கு நம்ம தலைமுடியாட்டம் வளந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு நா விட்டா காது பின்னாலயும் கக்கத்துலயும் சிக்குப் புடிச்சு, அடியில தோலு புண்ணாயிரும். சம்சாரம் அகலப் பல்லு சீப்பு வெச்சு தெனமும் சாயங்காலம் சீவுவா. நுனியில ஆரம்பிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா வேருக்கு வரோணும், வேர்ல இருந்து இழுக்கக் கூடாது. எம்புள்ளைக்கு இடுப்பு வரைக்கும் சடை இருந்தப்ப சீவுன கை. கண்ணுல முடி குத்தாம உச்சியில ஒரு குடுமி. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்காத்தான் குளியல், அதும் நாய்க்குன்னு விக்கற ஷாம்புல. நம்ம சோப்பு அதுக தோலுக்கு ஆகாது. காதுல தண்ணி எறங்காமப் பாத்து, அடி முடி வரைக்கும் ஈரம் போகத் தொவட்டோணும். வெயில்னு மொட்டையடிச்சுறவும் கூடாது, தோலு வெந்துரும். மூஞ்சி சப்பையா இருக்கற சாதிக்கு மூச்சு வாங்கும், அதனால பங்குனி வெயில்ல பத்து மணிக்கு மேல வெளிய விடல. விரலுக்கு நடுவுல இருக்கற முடியை ஒட்ட வெட்டிட்டோம், இல்லீனா நெருஞ்சி முள்ளு உள்ள போயி ஒளிஞ்சுக்கும்.

இனி சொல்றது எழுதறதுக்குக் கூச்சமா இருக்குது. பங்குனியில உண்ணி அதிகமாச்சு. கட்டுத்தரையில மாடு இருக்கற வூட்டுல உண்ணிக்குப் பஞ்சமா? ஒரு நா சாயங்காலம் காது ஓரத்துல ஏழெட்டு. மாட்டுக்கு வாங்கி வெச்ச உண்ணி மருந்து பரண்ல இருந்துச்சு. குட்டி சின்னதுதானேன்னு மாட்டு அளவுல பாதி கலக்கி மேல ஊத்திவிட்டேன். யாரையும் கேக்கல. அது ஒடம்பை நக்கி நக்கித் தொவட்டிக்கிச்சு. அரை மணி நேரத்துல வாயில எச்சி ஒழுகுது, ஒடம்பு வெடவெடன்னு ஆடுது, பின்னங்கால் நிக்கல.

சம்சாரம் மடியில போட்டுக்க, வண்டியை முடுக்குனேன். மருந்துப் பாட்டலைச் சேப்புல போட்டது ஒண்ணுதான் அன்னிக்கு நான் பண்ணுன உருப்படியான காரியம். டாக்டர் பாட்டலைப் படிச்சுட்டு, மொதல்ல அதைக் கழுவி எடுத்து, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏத்துனாரு. "உங்க மாடு முன்னூறு கிலோ. இது ரெண்டரைக் கிலோ. மாட்டுக்கு நாலுல ஒண்ணு குடுத்தாலே இதுக்கு வெசம். குட்டிக்குச் சில மருந்து அளவு கொறச்சாலும் ஆகாது. விடியட்டும், பாக்கலாம்"னாரு.

அங்க உக்காந்திருக்கறப்ப பேரன் வீடியோ போன்ல வந்தான். "அப்புச்சி, பஞ்சுவைக் காட்டுங்க." தூங்குதுடா கண்ணுன்னேன். "தூங்கறதையே காட்டுங்க." டவர் இல்லன்னு போனை வெச்சுட்டேன். எட்டு வயசுப் பையன்கிட்டப் பொய். எத்தனையோ வருசம் வெள்ளாமை போயிருக்குது, அப்பக்கூட அன்னிக்கு ராத்திரி மாதிரி உக்காந்ததில்ல.

விடியக்காலம் நடுக்கம் நின்னுச்சு. ஏழு மணிக்கு மோருஞ்சோறு ரெண்டு வாய் தின்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் பேரனைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "இனி டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க அப்புச்சி"ன்னான். சரிங்க சாமின்னேன். அதுக்கப்பறம் குட்டி வயசுக்கும் எடைக்கும் டாக்டர் குடுத்த மருந்து மட்டுந்தான். உண்ணியைத் தெனமும் சீவறப்பவே பாத்து, தோலோட ஒட்டிப் புடிச்சு இடுக்கியில எடுத்துருவோம்.

கடைசியா ஒரு சிக்கல் வந்துச்சு. பஞ்சு மண்ணும் புல்லும் பாத்தாத்தான் போகப் பழகிருச்சு. மூணாவது மாடியில மண்ணுக்கு எங்க போறது? காலுக்கடியில என்ன இருந்தா போகலாம்னுதான் நாய் மனசுல பதிஞ்சுக்குதுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டுல ஓட்டை போட்டு, அருகம்புல்லை மண்ணோட பேத்து வெச்சேன். மொதல்ல வேப்ப மரத்தடியிலயே தட்டு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நாலு அடி வீட்டுப் பக்கம் நகத்துனேன். வாசல், படி, அப்பறம் மொட்டை மாடி. ஒரு மாசத்துல தட்டு எங்க இருந்தாலும் அங்க போயி நின்னுச்சு.

போன ஞாயித்துக்கிழமை பேரன் வந்து கூட்டிட்டுப் போனான். தட்டு கார் டிக்கியில, பஞ்சு அவன் மடியில. ஒரு வாரம் ஆச்சு, வீட்டுக்குள்ள ஒருக்காகூடப் போகலையாம்.

புல்லு பதினஞ்சு நாளைக்கு மேல தாங்காது. அதனால வரப்புல அருகம்புல்லை இப்ப நான் களையெடுக்கறதில்ல. அடுத்த தட்டுக்கு வெட்டி வெச்சிருக்கறேன், நாளைக்குப் பஸ்ஸுல போட்டு அனுப்போணும். சம்சாரம் சீப்பைக் கழுவி சன்னல்ல வெச்சிருக்கறா. "புல்லைப் பஸ்ஸுல எதுக்குப் போடறீங்க, நாமளே கொண்டுபோயிக் குடுத்தா ஆகாதா?"ங்கறா. எனக்கும் அதான் தோணுது.